அப்பாவின் ரத்தப் பரிசோதனை

என் வயிற்றுவலிக்கு எங்கள் வீட்டில் மரியாதையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் சொன்ன பொய்களில் முக்கால்வாசி வயிற்றுவலிதான். அதனால் இருபத்தெட்டு வயதில் நிஜமாகவே வலி வந்தபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெந்நி குடி, சரியாயிடும்" என்றாள். குடித்தேன். சரியாகவில்லை.

நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டுப் பல்செட்டு செய்து கொடுப்போம். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கும் பிழைப்பு. குனிந்து குனிந்து வயிறு பிடித்துக்கொண்டது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். சாப்பிட்டால் வலி கூடியது. பிறகு முதுகுக்கும் பரவியது. ஒருநாள் கையில் ஒரு மேல்வரிசையைப் பிடித்துக்கொண்டே மேஜையடியில் சரிந்தேன். கண் விழித்தபோது பக்கத்து மேஜைக்காரி முதலில் சொன்னது, "பல்லுக்கு ஒண்ணும் ஆகல." அதுதான் எங்கள் லேப்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வந்த டாக்டரம்மா படபடவென்று பேசுகிறவர். மூச்சு எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

"குடல்லேருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு போற பெரிய நாளம் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. ஊசி போட ஆரம்பிச்சாச்சு, பயப்பட வேண்டாம். ஆனா இந்த வயசுல ஏன் வந்துச்சுன்னு பார்க்கணும். ரத்தம் கண்ட இடத்துல உறையாம பாத்துக்கிற சத்து ஒண்ணு நம்ம ரத்தத்துலயே இருக்கு. சில குடும்பங்கள்ல அது பொறவியிலேயே கம்மி."

கட்டில் ஓரம் நின்ற அப்பா, "அதாவது பிரேக் வீக்கான வண்டி" என்றார். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். உலகத்தில் எதையும் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றுக்குள் அடக்கிவிடுவார்.

டாக்டர் அன்று முதல்முறையாக மூச்சு விட்டார். "ஆமா. அதேதான். இவங்க ரத்தத்துல அந்தச் சத்து ரொம்பக் கம்மியா இருக்கு. ஆனா அடைப்பு வந்தப்பவே அது செலவாகியிருக்கும், அதனால இதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அப்பா அம்மா ரத்தத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும். யாராவது ஒருத்தருக்குக் கம்மியா இருந்தா இது பரம்பரை, ஆயுசுக்கும் மருந்து சாப்பிடணும். ரெண்டு பேருக்கும் சரியா இருந்தா சில மாசத்துல நிறுத்திடலாம். அப்பா வந்திருக்காரா?"

"நான்தாங்க." அப்பா வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி கையைத் தூக்கினார்.

"உங்க வீட்டுல யாருக்காவது ரத்தம் உறைஞ்சிருக்கா?"

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். அவருடைய அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, அம்மாவுக்கு மூட்டுவலி, சித்தப்பாவுக்குக் குடலிறக்கம் என்று ஒரு வம்சத்தையே ஒப்பித்தார். "எங்க பெரியம்மா ஒருத்தங்களை நாய் கடிச்சிருக்கு" என்றும் சொன்னார்.

"நாய் வேண்டாம்" என்றார் டாக்டர்.

பிறகு அம்மா ரத்தம் கொடுத்தாள், அடுத்து அப்பா. ஊசியைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்கிற மனிதர். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கையை மட்டும் நர்ஸிடம் ஒப்படைத்தார். "என் பொண்ணுக்குன்னா ஒரு குடமே எடுத்துக்கோங்க" என்று வீரம் வேறு. நான் வலியோடு சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைப் பெற்றவர் இல்லை.

அது ரகசியமும் இல்லை. என்னைப் பெற்றவர் எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது போய்விட்டார். அவர் படம் எங்கள் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அதைத் துடைத்து வைக்கிறவரே அப்பாதான். சின்னப் பிள்ளையில் நான் அவருக்கு 'போட்டோ அப்பா' என்று பேர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். லைசென்ஸ் இன்றுவரை வரவில்லை, வாத்தியார் வந்துவிட்டார். எனக்கு அப்போது ஐந்து வயது. முதல் நாளே என்னைப் பார்த்து, "என்னடி குண்டூசி மாதிரி இருக்கே" என்றார். நான் அவர் தொடையில் கிள்ளினேன். "குத்தவும் செய்யுது" என்றார். அன்றிலிருந்து நான் குண்டூசி, அவர் அப்பா.

இதெல்லாம் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும், டாக்டர் "அப்பா" என்று கேட்டபோது மூன்று பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. மறைக்கவில்லை ஐயா, மறந்தே போய்விட்டோம். இப்படி ஒரு தப்பைச் செய்ய இன்னொரு குடும்பம் பிறந்துதான் வரவேண்டும்.

ரிசல்ட் வந்தது. இரண்டு பேருக்கும் எல்லாம் சரியாக இருந்தது. "அப்போ பரம்பரை இல்ல. நல்ல செய்தி. சில மாசத்துல மருந்தை நிறுத்திடலாம்" என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸ், வாட்ச்மேன், லிப்ட்டில் வந்த யாரோ ஒருவர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை மாட்டிய காரில் என்னைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"பார்த்தியா, நம்ம ரத்தம் சுத்தமான ரத்தம்" என்றார். "எங்க வம்சத்துலயே ஒருத்தருக்கும்..."

அங்கேயே நிறுத்தினார். பேச்சை மட்டுமில்லை, காரையும். எதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஆயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பச்சையில் நிற்கிறார்.

"என்னங்க?" என்றாள் அம்மா.

"நான் எதுக்கு ரத்தம் குடுத்தேன்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அம்மா முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. அவள் பாதி சொல்லி நிறுத்தினாள்: "அவரும்... வயித்துவலின்னு சொல்லித்தானே..."

போட்டோ அப்பா வயிற்றுவலியில்தான் போனார். முப்பத்தொரு வயசு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

அப்பா காரைத் திருப்பினார். திரும்பக்கூடாத இடத்தில் திருப்பினார். அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான் விதிமீறல். டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வராந்தாவில் வரிசையாக ஜனம் உட்கார்ந்திருந்தது. அப்பா அவர் முன்னால் போய் நின்றார். கார் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்:

"நான் அவளுக்கு அப்பா இல்லைங்க."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. வயிற்றில் அடைப்பு வந்த வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "பெத்தவர் இல்ல. கேட்டீங்க, பழக்கதோஷத்துல நான்தான்னு சொல்லிட்டேன். அவளைப் பெத்தவர் வயித்துவலியில போனாரு. சின்ன வயசுங்க."

டாக்டர் பையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தோம். "நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றார். "இல்லேன்னா நான் மருந்தை நிறுத்தியிருப்பேன். அவர்கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்க ரத்தத்தைப் பார்க்கணும். இவங்களுக்காகவும்தான், அவங்களுக்காகவும்தான்."

ஒரு அத்தை இருந்தாள். போட்டோ அப்பாவின் அக்கா. ஒரே ஊரிலிருந்தும் எங்களுக்கும் அவளுக்கும் போக்குவரத்தே கிடையாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது ஆள் நடமாட ஆரம்பித்தார். என் அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டினார். இருபத்து மூன்று வருஷமாகத் தட்டாத கதவு! 'போட்டோ அப்பா' என்ற பேச்சே போய், 'உங்க அப்பா' என்றார். குண்டூசி என்று கூப்பிடாமல் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு சின்ன டியூப் ரத்தம் எங்கள் வீட்டுக்குள் இவ்வளவு மரியாதையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரையும் தண்ணீருமாக வந்து கதவைத் தட்டிய ஒரு காலையில் கத்தியேவிட்டேன். "என்னப்பா இது, விருந்தாளி வீட்டுக்கு வந்த மாதிரி? எதுக்கு இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போறே?"

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஸ்கூல்ல கேட்டாங்க, நான்தான்னேன். பேங்க்ல கேட்டாங்க, நான்தான்னேன். எவன் கேட்டாலும் வாய் தானா சொல்லிடும். எனக்கு அதுல ஒரு பெருமை. அந்தப் பெருமையில உன் உசுரை எடுக்கப் பாத்துட்டேனே. இனிமே அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்யதை இருக்கு?"

"உன்னை மட்டுமா கேட்டாங்க? நானும்தானே பக்கத்துல படுத்திருந்தேன். எனக்கு மட்டும் ஞாபகம் வந்துச்சா?"

"நீ வலியில இருந்தே."

"வலி வயித்துலதான். மண்டையில இல்ல."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தார், நான் விழுங்குகிற வரை பார்த்தார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அவரை எப்படி மீட்டுக்கொண்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை வீட்டுக்குப் போக நாள் பார்த்தபோது அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. போட்டோ அப்பா கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது அத்தை வீட்டில். மறுநாள் வலி ஆரம்பித்தது. அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, எல்லோர் முன்னாலும், "உங்க கையால சாப்பிட்டுத்தானே போனாரு" என்று அம்மா அத்தையைக் கேட்டிருக்கிறாள். இருபத்தைந்து வயதுப் பெண், மூன்று வயதுக் குழந்தை, துக்கம். வாயில் வந்ததைக் கொட்டிவிட்டாள். அதன்பிறகு அள்ள வழி தெரியவில்லை. "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவேன்? அண்ணி கால்ல நான் விழுந்ததா சொல்லு" என்று அழுதாள்.

மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் நானும் கிளம்பினோம். அத்தை வீடு ஒரு தையல்கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீ போ. ரத்த சொந்தம் பேசிக்கிற இடம், நான் எதுக்கு? மெதுவா ஏறு. மூச்சு வாங்கினா உக்காந்துக்கோ." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சண்டை போட எனக்கும் தெம்பில்லை. ஏறினேன்.

கதவைத் திறந்த அத்தை என்னை யாரென்று கேட்கவில்லை. என் நெற்றியையே பார்த்தாள். "வா" என்றாள், அவ்வளவுதான். ஒல்லியான உடம்பு, வெள்ளை முடி. ஒரு கால் மட்டும் வீங்கி, கணுக்காலுக்கு மேல் கறுத்துப்போயிருந்தது. அதை இழுத்து இழுத்து நடந்து உள்ளே போனாள். திரும்பி வந்து என் முன்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள்.

"எதுவும் பிரிச்சதில்ல. பயப்படாம சாப்பிடு" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இதுதான் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக இவள் தன் கையால் வந்தவர் ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை.

"அத்தை" என்றேன். அந்த வார்த்தையை முதல்முதலாகச் சொல்கிறேன். நாக்கு கொஞ்சம் தடுமாறியது. "அவருக்கு வந்தது சாப்பாட்டுனால இல்ல. எனக்கும் இப்போ அதே வலி வந்துச்சு. நான் உங்க வீட்டுலயா சாப்பிட்டேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாளம், அடைப்பு, பிறவியிலேயே வரும் குறை, எங்கள் கூத்து, எல்லாம். "அவருக்கு இதான்னு டாக்டர் அடிச்சு சொல்லல. இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாதாம். ஆனா உங்க ரத்தத்தைப் பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும்னாங்க. இந்தக் காலு உங்களுக்கு எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"பையன் பொறந்தப்போ வீங்குச்சு. அப்புறம் வடியவே இல்ல."

"அப்போவே உறைஞ்சிருக்கும் அத்தை."

அவள் தன் காலை ஏதோ அப்போதுதான் முளைத்தது மாதிரிப் பார்த்தாள். (பின்னால் வந்த ரிசல்ட்டில் அவளுக்கும் என்னைப்போலவே குறைவாகத்தான் இருந்தது. இப்போது இருவரும் ஒரே மாத்திரை சாப்பிடுகிறோம். மறந்தால் ஒருவரை ஒருவர் போனில் திட்டிக்கொள்கிறோம்.)

"அப்போ நான் போட்ட சோறு..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நல்லா இருக்குக்கான்னு தட்டை வழிச்சு சாப்பிட்டான்."

"நல்லா இருந்திருக்கும், சாப்பிட்டிருப்பார். அம்மா அன்னிக்கு பேசினது தப்பு. உங்க கால்ல விழுந்ததா சொல்லச் சொன்னா. இங்க வர அவளுக்குத் தைரியம் இல்ல."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னோடது மாதிரியே எலும்பு துருத்திய மணிக்கட்டு.

அழுது ஓய்ந்ததும் ஜன்னல் பக்கம் போனாள். காற்றுக்காகப் போனாளோ என்னவோ, கீழே எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நேரமா அந்தக் காருக்குள்ள ஒருத்தர் உக்காந்திருக்காரே. உன்னைக் கூட்டிட்டு வந்தவரா? யாரு?"

போட்டோ அப்பா அவள் சுவரிலும் இருந்தார். எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பெரிய படம். அதற்கு நேர் கீழே, அவரோடு கூடப்பிறந்தவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். யோசிக்கத்தான் வேண்டும். யோசிக்கவில்லை.

"எங்க அப்பா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடியும் கீழே பார்த்தாள்.

"வெயில்ல எதுக்கு வண்டிக்குள்ள உக்காரணும்? மேல வரச் சொல்லு. அவர் சாப்பிட்டாரா?"

"இல்லை" என்று சொன்னேன். என் வாய்க்கு நன்றாகப் பழக்கமான பொய்தான். பிறகு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, தையல்கடைக்காரன் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு, "அப்பா!" என்று கத்தினேன்.

அவர் காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, என்னையா என்று கேட்டார். "உன்னைத்தான்! வேற யாரை?"

அத்தை அதற்குள் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். சோறு இருந்தது. முட்டையை உடைத்து வெங்காயம் போட்டுப் பொரித்தாள். உப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அப்பா வாசலில் வந்து செருப்பைக் கழற்றாமல் தயங்கி நின்றார். "மூணு மாடி ஏறினதுல கிளட்ச் பிளேட்டே தேஞ்சு போச்சுக்கா" என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"வாங்க தம்பி. கையைக் கழுவிட்டு உக்காருங்க" என்றாள் அத்தை.

தட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால்தான் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு எழுந்த மனிதர், பட்டினி கிடந்தவர் மாதிரி உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார். அவர் விழுங்குகிற வரை அத்தை மூச்சு விடவில்லை.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. இவ வயித்துல இருக்கும்போது இவ அம்மாவுக்கு உப்பே ஒத்துக்காதுக்கா, அவ்வளவு மசக்கை..." சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். நான் வயிற்றில் இருந்தபோது அவர் எங்கே இருந்தார்? மறுபடியும் மறந்துபோய்விட்டார். முகம் வெளிறி அத்தையைப் பார்த்தார்.

"வயித்துல இருக்கும்போது நீ எங்கப்பா இருந்தே? ஊருல எவளுக்கோ ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கொடுத்துக்கிட்டிருந்திருப்பே" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "நெத்தி எங்க வீட்டு நெத்தி, தம்பி. ஆனா வாய் அப்படியே உங்க வாய்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மூக்கை உறிஞ்சினார். பிறகு, காலியாகாத தட்டை அத்தையிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா. டேய் குண்டூசி, அந்தத் தண்ணி பாட்டிலை எடு."